கட்டிலுக்கு அடியில் நாலு டயர்

போடி,
9.6.2025

கலை,

சின்ராசு கண்டக்டராக வருகிற கோயம்புத்தூர் பஸ்ஸில் நாலு டயர் ஏற்றிவிட்டிருக்கிறேன். அதில் ஒன்றுக்குள் இந்தக் கடிதம் இருக்கும். கட்டின புருஷன் போனை விட்டுவிட்டு ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். கடையில் நின்று போன் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது. எதிர்க்கடை முத்துக்கண்ணன் கையில் இருக்கிற பஞ்சரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறான். நீயும் குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கெங்கோ தேடி எட்டுப் பெண்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ரேஸ் காரில் பழக்கி, கடைசியில் ஓட்டம் வைத்து, இரண்டே பேரை டீமில் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அந்த எட்டில் போடிமெட்டு ரோட்டில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவள் நீ ஒருத்திதான். அப்பேர்ப்பட்டவளுக்கு டாக்ஸியில் மாட்டுகிற சாதா டயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். அதுவும் டயர்க் கடைக்காரன் பெண்டாட்டிக்கு. கேட்கிறவன் சிரிக்க மாட்டானா?

இந்த நாலும் மதுரையில் சொல்லிவைத்து வரவழைத்தது. ரேஸ்காரர்கள் போடுகிற மெத்து ரப்பர். நகத்தை வைத்து அழுத்திப் பார், பதியும். மேலே வெட்டின கோடு குறைவு, தரையில் படுகிற இடம் அதிகம். பிடித்தால் விடாது. அந்தச் சாதா டயரைக் கழற்றிக் கடாசிவிட்டு இதை மாட்டு.

இன்னொரு சேதி. கடை வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீ நிற்கிற போட்டோ, பத்தடி உயரம். 'போடியின் ரேஸ் ராணி கலையரசி ஓட்டுவது நம் கடை டயரில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏலக்காய் ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் வண்டியை ஓரங்கட்டிப் படித்துவிட்டுப் போகிறார்கள். அம்மா தினமும் வந்து உன் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

காலையில் ஜீப்பை நான்தான் எடுக்கிறேன். தோட்ட வேலைக்குப் போக முன்சீட்டில் உட்காருகிற ராக்கு, "கலை ஓட்டுனா மெட்டு வர்ற வரைக்கும் தூங்கிக்கிட்டே போவோம். நீ ஓட்டுனா வளைவுக்கு வளைவு சாமியைக் கும்பிட வேண்டியிருக்கு" என்கிறாள். கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

மாட்டிவிட்டுப் போன் பண்ணு.

ராஜாராம்


கோயம்புத்தூர்,
15.6.2025

மாமாவுக்கு,

டயர் சேதாரமில்லாமல் வந்தது. சின்ராசு அண்ணன் விடுதிக் காவலாளியிடம், "எங்க ஊருப் பொண்ணுக்கு வந்த சீரு, பாத்து எறக்குங்க" என்று சொல்லி இறக்கிவைத்தார். மற்ற பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்திக்குச் சேலை வந்தது, ஒருத்திக்கு முறுக்கு வந்தது. டயர் வந்தது எனக்கு மட்டும்தான். தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இதற்கு மேல் இருப்பதை உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள். டயரை நான் இன்னும் மாட்டவில்லை.

இங்கே பழக்குகிறவர் அமுதவள்ளி மேடம். கரூர்க்காரர், அவரும் ரேஸ் ஓட்டியவர்தான். உங்கள் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அருமையான டயர். உங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ஆனா இப்ப வேண்டாம்" என்றார். காரணமும் சொன்னார். சாதா டயர் முதலில் முனகும், அப்புறம் கத்தும், அதற்கப்புறம்தான் வழுக்கும். வழுக்குவதும் கொஞ்சம் கொஞ்சமாக. வேகம் குறைவாக இருக்கும்போதே நம் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். மெத்து டயர் அப்படி இல்லையாம். நாம் செய்கிற தப்பை எல்லாம் தானே விழுங்கிக்கொண்டு ஓடும். ஓடுகிறவரை நாமும் பெரிய ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். விடுகிறபோது சட்டென்று விடும், அப்போது வேகமும் கூடியிருக்கும்.

மலையில் நம்ம ஜீப் டயர் கத்தினால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் என்னைத் திட்டுவார்கள். இங்கே கத்தாவிட்டால் திட்டு. "இன்னும் கொஞ்சம் கத்த விடு. எந்த டயர் கத்துதுன்னு கேளு" என்று மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறார். முதல் வாரம் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். இப்போது முன் இடது தனியாக, பின் வலது தனியாகக் கேட்கிறது. ஓடி வந்ததும் காற்றைப் பார்க்கிறோம். டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிவிட்டு, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறோம். நீங்கள் இருந்தால் எங்களை எழுந்திருக்கவே விடமாட்டீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஒடிக்கிற மாதிரி ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடிக்கிறேனாம். மற்ற ஏழு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. மலையில் ஓட்டியதுதான் என் பலம் என்று நினைத்து வந்தேன், அதையே முதலில் விடச் சொல்கிறார்கள்.

உங்கள் டயர் நாலும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அறை முழுக்க ரப்பர் வாசனை. கூட இருக்கிற பெண் மூக்கைப் பிடிக்கிறாள், எனக்கு வீட்டில் படுத்திருப்பது போல இருக்கிறது.

உங்கள் கலை


போடி,
20.6.2025

கலை,

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படித்தேன். குடித்தும் பிரயோஜனம் இல்லை.

பிடிக்கிற டயரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வழுக்குகிற டயரில் பழகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? தேய்ந்த டயரோடு மழை நாளில் மெட்டுக்குக் கிளம்புகிற ஜீப்பின் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவன் நான். மலை ஏறத் தொடங்குகிற முந்தல் தாண்டினால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே டயர் ஒரு தடவை விட்டால் மறு தடவை என்பது கிடையாது. கத்த விட்டுக் கேட்டுக்கொண்டிருக்க அது என்ன பாட்டுக் கச்சேரியா?

வாசலில் பிளெக்ஸ் நிற்கிறது. அதில் எழுதியிருப்பது இப்போது பொய். நேற்று டீக்கடையில் முத்துக்கண்ணன், "என்ன மாப்ளே, தங்கச்சி நம்ம டயர்லதான ஓட்டுது?" என்றான். அவனுக்கு யார் சொன்னார்களோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். டயர் விஷயத்தில் இந்த பஜாரில் நான் பொய் சொன்னதே கிடையாது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஜீப்பில் மலைக்குப் போனால் அந்த டயரை மாட்டியது நான், காற்றுப் பார்த்தது நான். அதனால் சாயங்காலம் வரைக்கும் நிம்மதியாக என் சோலியைப் பார்ப்பேன். அங்கே யாரோ மாட்டிய டயரில் நீ பறந்துகொண்டிருக்கிறாய். என் கையில் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் அனுப்பினேன், பிளெக்ஸுக்காக மட்டும் இல்லை.

மாட்டினால் போன் பண்ணு. மாட்டாத வரைக்கும் நான் போனை எடுக்கப் போவதில்லை.

ராஜாராம்


கோயம்புத்தூர்,
4.7.2025

மாமாவுக்கு,

போன வாரம், டயரை மாட்டிவிட்டேன் என்று மெசேஜ் அனுப்பியதும் நீங்கள் போனை எடுத்தீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றுக்கு இரண்டு விநாடி குறைந்துவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கடையில் இருந்தவர்களிடம் கத்திச் சொன்னது எனக்கே கேட்டது. பஜார் முழுக்க ஜிலேபி கொடுத்தீர்களாம், அத்தை சொன்னார்கள். அந்த இனிப்பு நாக்கிலிருந்து போகட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

மேடத்திடம் கெஞ்சித்தான் மாட்டினேன். நீங்கள் போனை எடுக்காமல் இருந்தது என்னை அவ்வளவு வதைத்தது. "சரி, ஓட்டிப் பாரு. நான் சொல்றதைவிட அதுவே நல்லாச் சொல்லும்" என்று விட்டுவிட்டார். அன்றைக்கு எல்லா வளைவிலும் கார் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. சத்தமே இல்லை. எட்டுப் பேரில் நான்தான் முதல். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சூட்டோடுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன்.

மறுநாள் இன்னும் வேகமாகப் போனேன். மூன்றாவது வளைவில் ஒரு முனகல்கூட இல்லாமல் கார் சுழன்று, சரளைக்குள் போய், வந்த வழியைப் பார்த்து நின்றது. பதறாதீர்கள். எனக்குக் கீறல்கூட இல்லை, காரும் நன்றாக இருக்கிறது. அதற்காகத்தான் வளைவுக்கு வெளியே அத்தனை தூரம் சரளை கொட்டி வைத்திருக்கிறார்கள். நம் மலையில் பள்ளம் இருக்கிற இடத்தில் இங்கே சரளை இருக்கிறது, மாமா. அதனால் அங்கே டயர் விடவே கூடாது என்று நீங்கள் சொல்வதும் சரி, இங்கே விட்டுத்தான் பழகணும் என்று மேடம் சொல்வதும் சரி.

மேடம் ஓடி வந்தார். திட்டவில்லை. "எந்த டயர் முதல்ல விட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெட்டில் பனி இறங்கி முன்னால் ஒன்றும் தெரியாதபோதுகூட எந்தச் சக்கரம் மண்ணில் இறங்கியது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு எதுவுமே கேட்கவில்லை. கார் சுற்றியதைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. முந்தின நாள் வாங்கிய கைதட்டல் எனக்கு உரியதே இல்லை என்று தோன்றிவிட்டது.

உங்கள் டயரைக் கழற்றிவிட்டேன். மறுபடி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் போனை எடுக்காவிட்டாலும் சரி, இனி சாதா டயரில்தான் பழகப் போகிறேன்.

சின்ராசு அண்ணனிடம் ஒரு டயர் கொடுத்துவிட்டிருக்கிறேன். முதல் வாரங்களில் நான் ஓட்டிய சாதா டயர், முன் இடது. என் பேச்சைக் கேட்க வேண்டாம், அதைப் பாருங்கள். என் போனை எடுக்காமல் இருப்பீர்கள், ஆனால் கடைக்கு வந்த டயரைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது.

உங்கள் கலை


போடி,
12.7.2025

கலை,

சரளை என்ற வார்த்தையைப் படித்ததும் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஜிலேபி தின்ற கை காய்வதற்குள் நீ அங்கே சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறாய். அம்மாவிடம் சொன்னேன். "ஒன் வீறாப்புக்கு அவ உசுருதான் கெடைச்சுச்சா?" என்று கேட்டுவிட்டு எனக்குச் சோறு போடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். தட்டை எடுத்து நானே போட்டுக்கொண்டேன்.

நீ அனுப்பிய டயரை முதலில் தொடவில்லை. மூலையில் கிடந்தது. முந்தாநாள் சாரல் பிடித்துக்கொண்டதால் கடைக்கு ஆள் இல்லை. அது என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்க, தூக்கி ஸ்டாண்டில் வைத்து லைட்டைப் போட்டேன்.

வெளி ஓரம் நொறுங்கிப் போயிருக்கிறது. உள் ஓரத்தில் புது டயருக்கு இருக்கிற ரப்பர் முடிகூட உதிரவில்லை. வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் போயிருக்கிறாய். கார் திரும்பவில்லை என்றதும் இன்னும் ஒடித்திருக்கிறாய். அதிகமாக ஒடித்தால் முன் டயர் உருளாது, பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். உன் மேடம் சொன்னது அத்தனையும் அந்த ரப்பரில் இருக்கிறது. முந்தல் வளைவில் ஜீப்பை நீ திருப்புகிறதும் இப்படித்தான். யார் ஓட்டியது என்று சொல்லாமல் ஆயிரம் டயரோடு கலந்து கொடுத்திருந்தாலும் இது கலை என்று எடுத்துவிடுவேன்.

இதே தப்பை நான் அனுப்பிய டயரில் செய்திருந்தால் அது மூச்சு விட்டிருக்காது. பிடிக்கிற டயர்தான் நல்ல டயர் என்று சொல்லி விற்றே பழகிவிட்டேன். யார் ஓட்டுகிறார்கள், எங்கே ஓட்டுகிறார்கள், ஓட்டத் தெரிந்தவரா, பழகுகிறவரா என்று கேட்டுத்தான் கொடுக்கணும் என்பது இந்தச் சாதா டயரைப் பார்த்த பிறகு உறைக்கிறது.

அதே லைட்டை எடுத்துக்கொண்டு போய் நம்ம ஜீப்பையும் பார்த்தேன். நீ ஆறு மாதத்தில் தேய்ப்பதை நான் ஒரு மாதத்தில் தேய்த்து வைத்திருக்கிறேன். ராக்கு சாமி கும்பிடுவதில் தப்பே இல்லை.

பிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். முத்துக்கண்ணன் வந்து நின்றான். "அவ சாதா டயர்லதான் ஓட்டிப் பழகுறா. நான்தான் முந்திக்கிட்டுத் தப்பா எழுதிட்டேன்" என்றேன். கேலி பண்ண வந்தவன், "சாதா டயர்லயா அந்த வேகம் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் தன் தங்கை வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ராக்கு அந்த பிளெக்ஸைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். இப்போது மலை மேல் மழையில் நீ மல்லாந்து படுத்திருக்கிறாய்.

கடைசி ஓட்டத்தில் யார் எந்த டயர் வேண்டுமானாலும் போடலாம் என்று நீ சொன்னதாகச் சின்ராசு சொன்னான். எது என்று நீயே முடிவு பண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இதை எழுதுவதற்கே எனக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

போனை எடுக்கிறேன்.

ராஜாராம்


கோயம்புத்தூர்,
3.8.2025

மாமாவுக்கு,

நேற்றுப் போனில், இரண்டில் ஒருத்தியாக நானும் வந்துவிட்டேன் என்று சொன்னபோது நீங்கள் சத்தமே போடவில்லை. பக்கத்தில் அத்தைதான் கத்தினார்கள். எந்த டயர் என்றும் நீங்கள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து இரண்டு தடவை நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அதற்காகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முந்தின நாள் இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். உங்கள் டயரில் ஒரு விநாடி குறைவு. அதை மாட்டினால் தோற்றுவிடுவோமோ என்ற கவலை கொஞ்சம் குறையும். "ரெண்டும் ஒன்னுதுதான். நீயே சொல்லு" என்றார் மேடம். மற்ற ஏழு பேரும் மெத்து டயர்தான் மாட்டினார்கள். நான் சாதா டயர் என்றேன். மெக்கானிக் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வீம்புக்குச் செய்யவில்லை, மாமா. சாதா டயரில் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறது. உங்கள் டயரில் இன்னும் கேட்கவில்லை. காது கேட்காமல் போய் ஜெயித்தால் ஊரில் நீங்கள் என் பேரைச் சொல்கிறபோது எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் ஓட்டி ஜெயிக்கணும் என்று இருந்தது. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன், மெட்டு ரோடு எங்கேயும் ஓடிப்போகாது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

முதலில் வந்தவள் சென்னைப் பெண் தேவி. சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறவள், அவள் ஜெயித்தது நியாயம். அடுத்தது நான். மூன்றாவதாக வந்தவள் எனக்குக் கண் இமைக்கிற நேரம்தான் பின்னால். இறங்கியதும் மேடம் என்னிடம் மட்டும் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "எந்த டயர் முதல்ல விட்டுச்சு?" நாலாவது வளைவில் முன் இடது, முனகினதுமே ஸ்டியரிங்கை லேசா விட்டேன், திரும்பப் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார், இன்னும் வலிக்கிறது. நல்ல வலி.

டீமில் சேர்ந்த பிறகு மெத்து டயரில் பழகணுமாம். உங்கள் டயர் நாலையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். இனி அதில் ஓட்டுவேன், அது பேசுகிற பாஷையையும் கற்றுக்கொள்வேன். ராக்கு அக்காவிடமிருந்து பிளெக்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், எழுதியிருப்பது உண்மையாகப் போகிறது.

இத்துடன் கடைசி ஓட்டத்தில் ஓட்டிய சாதா டயரும் வருகிறது. முன் இடதுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் பரீட்சை எழுதியவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கலை


போடி,
9.8.2025

கலை,

டயரை ஸ்டாண்டில் ஏற்றியதும் முதலில் சுற்றிவிட்டுப் பார்த்தேன். அப்புறம் உள்ளங்கையை வைத்து உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை தடவினேன். எங்கேயும் கை தடுக்கவில்லை. மறுபடி தடவினேன். அகலம் முழுக்க ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடையில் நான் கழற்றிப் போட்ட டயருக்குக் கணக்கில்லை, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நீ சாதா டயரை மாட்டினாய் என்று படித்தபோது கடைக்குள் யாரும் இல்லை, நல்லவேளை.

பிளெக்ஸைக் கேட்டேன். ராக்கு தர மறுத்துவிட்டாள். "ஒரு சொட்டு ஒழுகல அண்ணே. கலை மொகம்ல, அது அங்கேயே கெடக்கட்டும்" என்றாள். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் எல்லாம் அந்த லயத்துப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்கிறார்களாம். விட்டுவிட்டேன்.

புதிதாக பிளெக்ஸ் அடிக்கவில்லை. அது நின்ற இடத்தில் இரண்டு ஆணி அடித்து, நீ முதலில் அனுப்பிய டயரையும் இப்போது அனுப்பிய டயரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். எழுத்து எதுவும் போடவில்லை. ஜீப்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து இரண்டையும் தடவிப் பார்க்கிறார்கள். முத்துக்கண்ணன்கூட ரோட்டைத் தாண்டி வந்து பார்த்தான். "ரெண்டும் யாரு யாரு ஓட்டுனது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் வேலையை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ரெண்டும் ஒரே ஆள் ஓட்டியது என்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள். கொஞ்ச நேரம் நம்பாமல் இருக்க விட்டுவிட்டு, அப்புறம்தான் உன் பேரைச் சொல்கிறேன்.

ராஜாராம்